நாய்க்குட்டி, பூனைக்குட்டி வாங்கும் முன்: நல்ல ப்ரீடரைக் கண்டுபிடிக்கும் வழி

இன்ன இனத்தில் ஒரு குட்டி வாங்குவது என்று முடிவு செய்தாயிற்று. அடுத்து பெரும்பாலோர் நேராகக் குட்டிகளின் போட்டோவைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பம். குட்டி மடியில் ஏறி உட்கார்ந்த பிறகு காகிதம் கேட்க யாருக்கும் வாய் வராது. விற்பவருக்கும் இது நன்றாகத் தெரியும். அதனால்தான் போனதுமே குட்டியைத் தூக்கிக் கையில் கொடுக்கிறார்.

எனவே இங்கே குட்டி ஆறாவது படியில்தான் வரும். அதற்கு முன்னால் இனம், காலம், போன் பேச்சு, பெற்றோரின் சான்றுகள், தாய். பலரிடம் பேசி, அலைந்து, குழம்பித்தான் எனக்கு இந்த வரிசை பிடிபட்டது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

1. இனத்தோடு அதன் நோயையும் எழுதி வையுங்கள்

ஒவ்வொரு இனத்திலும் வழிவழியாக வரும் நோய்கள் உண்டு. அவை என்னவென்று தெரியாமல் போனால், "எல்லா டெஸ்டும் பண்ணியாச்சு" என்ற ஒரே பதிலில் பேச்சு முடிந்துவிடும். "எந்த டெஸ்ட்?" என்று திருப்பிக் கேட்க உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய நாய்களில் இடுப்பு மூட்டும் முழங்கை மூட்டும் முக்கியம். பெற்றோர் இரண்டுக்கும் எக்ஸ்ரே எடுத்துத் தரம் போட்டிருக்க வேண்டும். லாப்ரடாருக்கு, பார்வை மெல்லப் பறிபோகும் பிஆர்ஏ, ஓடும்போது பின்னங்கால் துவண்டு விழும் இஐசி ஆகிய இரண்டுக்கும் மரபணு டெஸ்டைக் கேளுங்கள். ஜெர்மன் ஷெப்பர்டுக்கு, வயதான பிறகு பின்பகுதி செயலிழக்கும் டிஎம் நோய்க்கான டெஸ்ட்.

டாபர்மேன் என்றால் இதயம். இதயத் தசை விரிந்து பலவீனமாகும் டிசிஎம் இந்த இனத்தை ரொம்பவே வாட்டுகிறது. நடுவயதில் தலைகாட்டும் நோய் என்பதால் ஒரு தடவை பார்த்தது போதாது. பொறுப்பான ப்ரீடர் (இணைசேர்த்துக் குட்டி எடுத்து விற்பவர்) வருடா வருடம் எக்கோவும் (இதய ஸ்கேன்) 24 மணி நேர ஹோல்டர் பதிவும் (இதயத் துடிப்புப் பதிவு) எடுத்து வைத்திருப்பார். கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியலுக்கு இதய வால்வு. டால்மேஷியனில் பிறவிச் செவிடு அதிகம். ஒவ்வொரு குட்டிக்கும் இரண்டு காதையும் தனித்தனியாகச் சோதிக்கும் பேயர் டெஸ்டின் முடிவு இருக்க வேண்டும். சிஹுவாவா, பொமரேனியன் போன்ற சின்ன இனங்களில் முழங்கால் சில்லு நழுவும்.

பக், பிரெஞ்சு புல்டாக் வாங்க ஆசைப்படுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். "இந்த பிரீடே குறட்டை விடும் சார்" என்பார்கள். குறட்டை என்பது அடைபட்ட மூச்சு. சில நிமிடம் ஓடவிட்டு, முன்னும் பின்னும் மூச்சைக் கேட்டு, 0 முதல் 3 வரை தரம் போடும் மருத்துவச் சோதனை இவற்றுக்கென்றே இருக்கிறது. அந்தச் சான்று இல்லாத தட்டைமூக்குப் பெற்றோரின் குட்டியை நான் வாங்க மாட்டேன்.

பூனைக்கு வருவோம். பெர்ஷியனில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வரும் பிகேடி நோய். கெட்ட மரபணு ஒரே ஒரு பிரதி இருந்தாலே நோய் வந்துவிடும். ஆகவே, "பிகேடி கேரியர்தான் (மரபணுவைச் சுமக்கிறது, நோய் வராது), பயமில்லை" என்று யாராவது சொன்னால் அவருக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். மெயின் கூன், ராக்டால் இரண்டிலும் இதயச் சுவர் தடிக்கும் எச்சிஎம். இதற்கு மரபணு டெஸ்ட் உண்டு, ஆனால் அதில் தப்பிய பூனைக்கும் நோய் வரலாம். எனவே எக்கோவும் சேர்த்தே பார்க்க வேண்டும். எந்த இனமாக இருந்தாலும் பெற்றோருக்கு எஃப்இஎல்வி (பூனை ரத்தப்புற்று வைரஸ்), எஃப்ஐவி (எதிர்ப்புச்சக்தியைக் குறைக்கும் வைரஸ்) என்ற இரண்டும் இல்லை என்ற ரிசல்ட்டைக் கேளுங்கள்.

சில விளம்பரங்களை அப்படியே கடந்து போய்விடலாம். காது மடிந்த ஸ்காட்டிஷ் ஃபோல்டு ஒன்று. காதை மடக்கும் அதே கோளாறுதான் மூட்டுகளையும் கெடுக்கிறது; காது மடிந்த ஒவ்வொரு பூனைக்கும் அது ஏதோ ஓர் அளவில் இருக்கும். "டீகப்" நாய் இன்னொன்று. அப்படி ஓர் இனமே கிடையாது. வளர்த்தியில்லாத குட்டிகளையும் குட்டையானவற்றையும் தேடிப்பிடித்து இணைசேர்த்து, சர்க்கரை அளவு சட்டென்று இறங்கி மயங்கி விழும் குட்டிகளை உருவாக்குகிறார்கள். மெர்ல் (திட்டுத்திட்டாக வெளிறிய) நிற நாயையும் இன்னொரு மெர்ல் நிற நாயையும் சேர்த்து எடுத்த குட்டிகளும் வேண்டாம். நாலில் ஒரு குட்டிக்கு இரட்டை மெர்ல் வர வாய்ப்பு. அது செவிடாகவோ குருடாகவோ பிறக்கலாம். "அபூர்வ நிறம், அதனால் விலை அதிகம்" என்று ஒருவர் பேச்சை ஆரம்பித்தாலே அவர் எதைப் பார்த்து இணை சேர்க்கிறார் என்பது தெரிந்துவிடும்.

2. காலக்கணக்கு போடுங்கள்

நாயின் சினைக்காலம் சுமார் 63 நாள், பூனைக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். நாய்க்குட்டி 8 வாரம் தாயோடு இருக்க வேண்டும். பூனைக்குட்டிக்கு 12 வாரம், சில சங்கங்கள் இன்னும் ஒன்றிரண்டு வாரம் கூட்டியே விதி வைத்திருக்கின்றன. இணைசேர்த்த நாளிலிருந்து எண்ணினால் நாய்க்குட்டி கைக்கு வர 4 மாதம், பூனைக்குட்டிக்கு 5 மாதம். நல்ல ப்ரீடரிடம் அதற்கு முன்னாலேயே வரிசை நிற்கும். ஆறு மாதம், ஒரு வருடம் காத்திருப்பது இதில் சகஜம்.

"எப்ப வேணும்னாலும் ஸ்டாக் இருக்கு" என்பவரிடம் எத்தனை தாய்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எத்தனை ஈற்று போட்டிருக்கிறது என்று கேளுங்கள். ஒரே ஆள் நாலைந்து இனங்களை விற்றால் பெரும்பாலும் அவர் ப்ரீடரே இல்லை, வாங்கி விற்கும் தரகர்.

அவசரமாக வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு. இனப்பெருக்கத்திலிருந்து ஓய்வு கொடுத்த 4, 5 வயது நாய்களையும் பூனைகளையும் நல்ல ப்ரீடர்கள் வீடு பார்த்துக் கொடுப்பார்கள். பழகிய பிராணி, குணம் தெரிந்தது, விலையும் குறைவு. இதைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பதால் அவர்களும் சொல்வதில்லை.

3. போனில் பேசும்போது

இனச் சங்கங்களிடமும், கண்காட்சிகளுக்கு வருபவர்களிடமும், அந்த இனத்தை ஏற்கெனவே வளர்ப்பவர்களிடமும் பெயர்களைச் சேகரித்துக்கொள்ளுங்கள். அப்புறம் போன். முதல் கேள்வி விலையாக இருக்க வேண்டாம். எந்த வருடத்திலிருந்து இந்த இனத்தை வளர்க்கிறீர்கள், தாய்க்கு என்ன வயது, இது எத்தனையாவது ஈற்று, போன ஈற்றுக் குட்டிகள் இப்போது எப்படி இருக்கின்றன என்று தொடங்குங்கள். கடைசிக் கேள்வியில்தான் நிறைய வெளிப்படும். குட்டி போன வீட்டோடு தொடர்பில் இருப்பவர் மூச்சுவிடாமல் பேசுவார். விற்றதோடு மறந்தவர் "எல்லாம் சூப்பரா இருக்கு" என்று முடித்துக்கொள்வார்.

"உங்கள் நாய்களுக்கு இதுவரை என்ன நோய் வந்திருக்கிறது?" என்பதையும் கேட்டுப் பாருங்கள். நோயே வராத பரம்பரை எங்கும் கிடையாது. ஒளிக்காமல் சொல்லி, அதனால் எந்த நாயை இணைசேர்ப்பதை நிறுத்தினார் என்றும் சொன்னால் அவர் பெயருக்குக் கீழே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

அவர் உங்களைக் குடைந்தால் கோபப்பட வேண்டாம். வீட்டில் யார் யார், பகலில் குட்டியை யார் பார்ப்பார், வாடகை வீடு என்றால் உரிமையாளர் சம்மதித்தாரா, முன்பு வளர்த்தது என்ன ஆனது என்றெல்லாம் கேட்பார். பெண் பார்க்க வந்தவர்களைப் போல விசாரிக்கும் ப்ரீடர்தான் வேண்டும். ஒன்றுமே கேட்காமல் கணக்கு எண்ணை அனுப்புபவர் வேண்டாம்.

4. காகிதங்கள்: அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம்

குட்டியைப் பார்க்கப் போவதற்கு முன்பே பெற்றோரின் சான்றுகளைப் போனுக்கு அனுப்பச் சொல்லுங்கள். நேரில் அசலைப் பார்க்கலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பெடிக்ரி சான்றிதழ் என்பது பரம்பரைப் பதிவு மட்டும்தான். தாய் யார், தகப்பன் யார், தாத்தா பாட்டி யார் என்று சொல்லும். ஆரோக்கியத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாது. "பேப்பர்ஸ் இருக்கு, சாம்பியன் பிளட்லைன்" என்பதில் பாதிப்பேர் மயங்கிவிடுகிறார்கள். மூன்று தலைமுறைக்கு முன்னால் ஒரு தாத்தா கோப்பை வாங்கியிருந்தால் அது உங்கள் குட்டியின் இடுப்பைக் காப்பாற்றாது.

ஆனாலும் பெடிக்ரியை இன்னொரு காரணத்துக்காகப் படியுங்கள். தாய் பக்கமும் தகப்பன் பக்கமும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். கூடப்பிறந்தவற்றைச் சேர்த்தால் உள்ளினச்சேர்க்கை அளவு 25 சதவீதம், ஒரு பெற்றோர் மட்டும் பொதுவாக இருந்தால் 12.5, ஒன்றுவிட்ட உடன்பிறப்பு என்றால் 6.25. குறைய இருப்பது நல்லது. இந்த எண் தன்னிடம் இருக்கிறது என்று சொல்லும் ப்ரீடர் வேலை தெரிந்தவர்.

இப்போது சோதனை முடிவுகள். இடுப்பு எக்ஸ்ரேயின் தரத்தை எஃப்சிஐ (சர்வதேச நாய்ச் சங்கக் கூட்டமைப்பு) முறையில் ஏ முதல் இ வரை எழுதுவார்கள். ஏ, பி இரண்டும் நல்லவை. ஓஎஃப்ஏ (அமெரிக்காவின் பிராணி ஆரோக்கியச் சான்று அமைப்பு) முறையில் எக்ஸலண்ட், குட், ஃபேர் மூன்றும் தேறியவை. அந்த இறுதிச் சான்று 24 மாதம் முடிந்த நாய்க்குத்தான் கிடைக்கும். அதனால் ஒன்றரை வயதுத் தாயின் குட்டிகளோடு ஒருவர் ஓஎஃப்ஏ இறுதிச் சான்றையும் நீட்டினால் கணக்கு இடிக்கிறது. சான்று எண்ணை வைத்து அந்த அமைப்பின் இணையதளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம், இலவசம்.

மரபணு டெஸ்டில் கிளியர் (கெட்ட பிரதி இல்லை), கேரியர் (ஒரு பிரதி), அஃபெக்டட் (இரண்டு பிரதி) என்று மூன்று விடை வரும். இரண்டு பிரதி சேர்ந்தால்தான் நோய் வரும் என்கிற வகையில், ஒரு பக்கம் கேரியராக இருந்து இன்னொரு பக்கம் கிளியராக இருந்தால் எந்தக் குட்டிக்கும் அந்த நோய் வராது. அதைப் பார்த்துப் பயந்து ஓட வேண்டாம். இரண்டு பக்கமும் கேரியர் என்றால் நாலில் ஒன்றுக்கு ஆபத்து.

எந்தச் சான்றிலும் ஒரு விஷயத்தைத் தேடுங்கள்: மைக்ரோசிப் எண். 15 இலக்கம். அந்த எண் சான்றில் இருக்க வேண்டும், பெடிக்ரியில் இருக்க வேண்டும், நேரில் ஸ்கேனரை நாயின் தோளருகே வைத்தால் அதே எண் ஒளிர வேண்டும். எண் இல்லாத எக்ஸ்ரே எந்த நாயுடையதாகவும் இருக்கலாம்.

குட்டியின் தடுப்பூசிப் புத்தகத்தையும் நிதானமாகப் பாருங்கள். ஊசி போட்ட இடத்தில் மருந்துக் குப்பியிலிருந்து உரித்த ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். மருந்தின் பெயர், தொகுப்பு எண், காலாவதித் தேதி எல்லாம் அதில் இருக்கும். பக்கத்தில் கால்நடை மருத்துவரின் கையெழுத்து, முத்திரை, தேதி. பேனாவால் "வேக்சின் டன்" என்று மட்டும் எழுதியிருந்தால் அதை ஊசியாகவே எடுத்துக்கொள்ள முடியாது. முதல் ஊசி வழக்கமாக 6 முதல் 8 வாரத்துக்குள் போடப்படும். மூன்று வாரத்தில் போட்டதாக எழுதியிருந்தால் தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச்சக்தி அந்த மருந்தை வேலை செய்ய விட்டிருக்காது, அல்லது பிறந்த தேதியே பொய். குடற்புழு மருந்து நாய்க்குட்டிக்கு 2 வாரத்திலிருந்தே இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கொடுத்திருக்க வேண்டும்.

5. நேரில் போங்கள், தாயைப் பாருங்கள்

தாயைக் காட்டாத இடத்தில் வாங்கவே வாங்காதீர்கள். "வாக்கிங் போயிருக்கு", "உடம்பு சரியில்லை, டாக்டர்கிட்ட இருக்கு", "புது ஆளைப் பார்த்தா கடிக்கும்" என்று காரணங்கள் வரும். என்னிடம் ஒருவர் தாயின் வீடியோவைக் காட்டினார். அதில் இருந்த தரையும் சுவரும் அந்த வீட்டில் எங்கேயும் இல்லை. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஏதோ ஒரு பெண் நாயை இழுத்து வந்து இதுதான் தாய் என்று சொல்வதும் நடக்கும். வயிற்றைக் குனிந்து பாருங்கள். எட்டு வாரக் குட்டிகளின் தாய்க்கு மடிக்காம்புகள் தொங்கி, நீண்டு, சுற்றிலும் குட்டிகளின் நகம் பட்ட கீறல்கள் இருக்கலாம். முடி கொட்டி, உடம்பு சற்று இளைத்துத்தான் இருக்கும், அது இயல்பு. பளபளவென்று, வயிறு ஒட்டி, காம்பே தெரியாத நாய் அண்மையில் பால் கொடுத்ததில்லை.

தாயின் குணத்தையும் கவனியுங்கள். கொஞ்சம் குரைத்துவிட்டு, ப்ரீடர் சொன்னதும் அடங்கி வந்து மோந்து பார்த்தால் சரி. மூலையில் ஒடுங்கி நடுங்குவதோ, சீறிப் பாய்வதோ குட்டிக்கும் போகும். பரம்பரையாகவும் போகும், பார்த்துப் பழகியும் போகும்.

தகப்பன் அங்கே இல்லாவிட்டால் சந்தேகப்பட வேண்டியதில்லை. பொருத்தமான ஆணை வெளியிலிருந்து தேடிக்கொண்டு வருவது நல்ல ப்ரீடரின் அடையாளம். அதன் சான்றுகள் மட்டும் இருக்க வேண்டும்.

குட்டிகள் வளர்வது எங்கே என்பது அழகுக்காகக் கேட்கும் கேள்வி இல்லை. நாய்க்குட்டி மனிதரையும் சத்தங்களையும் பழகிக்கொள்ளும் காலம் 3 வாரத்தில் தொடங்கி 12, 14 வாரத்தில் அடங்கிவிடும். பூனைக்குட்டிக்கு அது 2 முதல் 7 வாரம். அதாவது நீங்கள் வீட்டுக்குக் கொண்டு வருவதற்குள் பூனைக்குட்டியின் பழகும் காலமே முடிந்திருக்கும். வீட்டுக்குள், மிக்சி சத்தமும் டிவி சத்தமும் காலடியும் கேட்டு வளர்ந்த பூனைக்கும், கூண்டு அடுக்கில் வளர்ந்த பூனைக்கும் உள்ள வித்தியாசத்தை அப்புறம் நீங்கள் ஈடுகட்ட முடியாது.

நான் கடைசியில் தேர்ந்தெடுத்த வீட்டில் கதவுக்குப் பின்னால் ஒரு நோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பிறந்த நாளிலிருந்து ஒவ்வொரு குட்டியின் எடையும் காலை, மாலை என்று கிராம் கணக்கில் எழுதியிருந்தது. குட்டிகளுக்குப் பெயர் இல்லை. கழுத்தில் கட்டிய நூலின் நிறம்தான் பெயர். பச்சைக்கு நாலாம் நாள் எடை ஏறவில்லை, சுற்றிலும் வட்டமிட்டு "2 மணி நேரத்துக்கு ஒருமுறை புட்டிப்பால்" என்று எழுதியிருந்தது. எனக்குக் காட்ட எழுதிய நோட்டு இல்லை அது. பக்கமெல்லாம் பால் கறை.

6. இனிக் குட்டி

கண்ணில் பீளை, மூக்கில் சளி இருக்கக் கூடாது. காதுக்குள் காப்பித்தூள் போலக் கறுப்பாக இருந்தால் காதுச் சிற்றுண்ணி (இயர் மைட்). உடம்பு ஒல்லி, வயிறு மட்டும் பானை என்றால் குடலில் புழு. முடியை எதிர்த் திசையில் தள்ளிப் பார்த்தால் தெள்ளுப்பூச்சியின் கறுப்புத் துகள் தெரியும். தொப்புளில் மெத்தென்று புடைப்பு இருந்தால் குடலிறக்கம். சின்னதாக இருந்தால் கருத்தடை அறுவையோடு சரிசெய்யலாம், செலவு யாருடையது என்று மட்டும் பேசிக்கொள்ளுங்கள்.

வாயைத் திறந்து பாருங்கள். 8 வார நாய்க்குட்டிக்கு 28 பால்பற்களும் வந்திருக்க வேண்டும். மிகச் சின்ன இனங்களில் கொஞ்சம் தாமதமாகலாம். கடைவாயில் வெறும் ஈறாக இருந்தால், ஐந்து வாரக் குட்டியை எட்டு வாரம் என்று சொல்லி விற்கிறார்கள். இந்த ஏமாற்று ரொம்பச் சகஜம்.

ஒரு குட்டியைப் பார்ப்பதோடு அதன் கூடப்பிறந்தவற்றையும் பாருங்கள். ஒன்றுக்கு வயிற்றுப்போக்கு என்றால் எல்லாவற்றையும் தள்ளிப்போடுங்கள். குட்டிகளைக் கொல்லும் வயிற்றுப்போக்கு நோயான பார்வோ வைரஸ் தொற்றினால் அறிகுறி தெரிய பெரும்பாலும் 3 முதல் 7 நாள் ஆகும். இன்று துள்ளும் குட்டி உங்கள் வீட்டில் சுருண்டு படுக்கும். ஒரே நாளில் இரண்டு ப்ரீடர் வீட்டுக்குப் போகாதீர்கள். உங்கள் செருப்பே நோயைக் கொண்டுபோகும்.

7. பணம்

குட்டியின் விலை மொத்தச் செலவில் ஒரு பகுதிதான். மீதித் தடுப்பூசிகள், கருத்தடை, பதிவுப் பெயர் மாற்றம், மைக்ரோசிப் பெயர் மாற்றம், பயணம் எல்லாம் சேர்த்து எழுதுங்கள். எது விலையில் அடக்கம், எது தனி என்று முன்கூட்டியே கேளுங்கள். "பேப்பர் இல்லாமல் ஒரு விலை, பேப்பரோடு ஒரு விலை" என்பது பச்சையான எச்சரிக்கை. பதிவுக் கட்டணம் அப்படியொன்றும் பெரியதில்லை. அந்தப் பேப்பரே பொய்யாக இருக்கலாம்.

முன்பணத்தைக் குட்டிகள் பிறந்து, நீங்கள் நேரில் பார்த்த பிறகு கொடுப்பது உத்தமம். வரிசையில் இடம் பிடிக்கச் சிறு தொகை கேட்பது வழக்கம்தான், ஆனால் ரசீதில் எந்த ஈற்று, எந்தச் சூழ்நிலையில் பணம் திரும்பக் கிடைக்கும் என்று எழுதி வாங்குங்கள். வங்கி வழியாக, ப்ரீடரின் சொந்தப் பெயருள்ள கணக்குக்கே அனுப்புங்கள்.

குட்டியே இல்லாமல் பணம் பறிப்பவர்களும் இருக்கிறார்கள். விலை நம்ப முடியாத அளவு மலிவு, நேரில் வர வேண்டாம், அனுப்பி வைக்கிறோம் என்பார்கள். பணம் போனதும் இன்சூரன்ஸ், ஏசி கூண்டு, தனிமைப்படுத்தும் கட்டணம் என்று ஒவ்வொன்றாக வரும். போட்டோவை இணையத்தில் படத்தேடலில் போட்டால் பாதிப்பேர் மாட்டிக்கொள்வார்கள். மீதிப்பேருக்கு, வீடியோ காலில் குட்டியின் பக்கத்தில் இன்றைய தேதியை எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

8. ஒப்பந்தம்

எழுத்தில் இருக்க வேண்டும், வாய்வார்த்தை போதாது. இரு தரப்பின் பெயர், குட்டியின் பிறந்த தேதி, மைக்ரோசிப் எண், பெற்றோரின் பதிவு எண், கொடுத்த தொகை. அடுத்து, 48 அல்லது 72 மணி நேரத்துக்குள் உங்கள் மருத்துவரிடம் காட்டி, பெரிய குறை தெரிந்தால் திருப்பிக் கொடுக்கலாம் என்ற வரி. பரம்பரை நோய்க்கு எத்தனை மாதம் அல்லது வருடம் பொறுப்பு என்ற வரி. இதில் ஒரு கண்ணி உண்டு: "குட்டியைத் திருப்பிக் கொடுத்தால் வேறு குட்டி" என்று மட்டும் எழுதியிருப்பார்கள். இரண்டு வருடம் வளர்த்ததை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? சிகிச்சைச் செலவில் பங்கு அல்லது விலையில் ஒரு பகுதி என்று மாற்றச் சொல்லுங்கள்.

என்றைக்காவது வளர்க்க முடியாமல் போனால் குட்டியைத் தன்னிடமே திருப்பித் தர வேண்டும் என்று நல்ல ப்ரீடர் வற்புறுத்துவார். இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, இன்ன வயதில் கருத்தடை செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கலாம். ஆனால் பெரிய இன நாய்களுக்கு அந்த வயதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். எலும்பு வளர்ச்சி முடியும் முன் செய்வது சிலவற்றுக்கு நல்லதில்லை.

9. எடுத்து வரும் நாளும் அடுத்த சில நாளும்

கிளம்பும் முன் தடுப்பூசிப் புத்தகம், கையெழுத்தான ஒப்பந்தம், ரசீது, பெற்றோர் சான்றுகளின் நகல், பதிவுப் பெயர் மாற்றப் படிவம், நாலைந்து நாளுக்கு வரும்படி இப்போது சாப்பிடும் அதே உணவு, தாயின் மணம் உள்ள ஒரு துணி ஆகியவற்றைச் சரிபார்த்து வாங்குங்கள். "பேப்பர் அப்புறம் கூரியர்ல வரும்" என்றால் குட்டியையும் அப்புறமே எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிடுங்கள்.

கால்நடை மருத்துவரிடம் முன்பே நேரம் வாங்கி வைத்து, ஒப்பந்தக் கெடுவுக்குள் காட்டிவிடுங்கள். ப்ரீடர் சொன்ன மருத்துவர் வேண்டாம், உங்களுடையவர். இதயத்தில் முணுமுணுப்பு கேட்கிறதா, ஆண் குட்டிக்கு இரண்டு விதையும் இறங்கியிருக்கிறதா, மேல்வாய் பிளந்திருக்கிறதா என்று குறிப்பாகப் பார்க்கச் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். விதை இறங்காதிருந்தால் உடனே பதற வேண்டாம், ஆனால் அறிக்கையில் இருக்கட்டும். ஏதாவது குறை என்றால் அன்றைக்கே ப்ரீடருக்கு அறிக்கையோடு எழுத்தில் தெரிவியுங்கள். போனில் மட்டும் பேசினால் தேதிக்கு ஆதாரம் இருக்காது.

தடுப்பூசி 16 வாரம் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகத் தொடரும். அது முடியும்வரை மற்ற நாய்கள் புழங்கும் தரையில் குட்டியை இறக்காமல் தூக்கிக்கொண்டே வெளியே காட்டுங்கள். கடைசியாக, மைக்ரோசிப் பதிவில் உங்கள் பெயரையும் போன் நம்பரையும் மாற்றிவிட்டீர்களா என்று பாருங்கள். மாற்றாதவரை, குட்டி தொலைந்து யாராவது ஸ்கேன் செய்தால் போன் ப்ரீடருக்குத்தான் போகும்.